துப்பறியும் கதையில் ஃபேரிகள்: கேள்வி பதில்

இங்கிலாந்துச் சிற்றூர்களில் நடக்கும் மர்மக் கதைகளையும், ஃபேரி எனப்படும் மாய உயிர்களைப் பற்றிய அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் நம்பிக்கைகளையும் பல ஆண்டுகளாகச் சேர்த்தே வாசித்து வருகிறேன். இவ்விரண்டும் கலந்த நாவல்களைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: ‘கோஸி மிஸ்டரி’ என்று எதைச் சொல்கிறார்கள்? எல்லாத் துப்பறியும் நாவல்களும் அதில் அடங்குமா?

அடங்கா. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிற்றூர், காவல் துறையைச் சேராத ஒரு சாதாரண மனிதர், வாசகரின் கண்முன் நிகழாத கொலை, முடிவில் தன் அமைதிக்குத் திரும்பும் ஊர் ஆகியவையே இவ்வகையின் இலக்கணம். அகதா கிறிஸ்டி 1927இல் ஒரு சிறுகதையிலும் 1930இல் ஒரு நாவலிலும் கொண்டுவந்த மிஸ் மார்பிளை இதன் முன்மாதிரி எனலாம். அந்த மூதாட்டியின் கருவி ஊர் மனிதர்களைப் பற்றிய நினைவுதான்.

கேள்வி: துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்த ரொனால்ட் நாக்ஸ், இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றல்களை அடியோடு விலக்கினார். அப்படியிருக்க, ஃபேரி மாயம் வரும் துப்பறியும் நாவல் வாசகரை ஏமாற்றுவது ஆகாதா?

நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாதவற்றின் மீது நம்பிக்கை இல்லாமல் அவர் 1929இல் அந்த விதியை எழுதவில்லை. ஆசிரியருக்குத் தெரிந்த துப்புகள் எல்லாம் வாசகருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற நேர்மையே அவருடைய கவலை. துப்பறியும் கதை எழுத்தாளர்கள் 1930இல் லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பின் உறுப்பினர்களும், தங்கள் துப்பறிவாளர்கள் தெய்வ வெளிப்பாட்டையோ தற்செயலையோ நம்பிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று உறுதிமொழி எடுத்தார்கள். பூட்டிய அறையை ஒரு மந்திரத்தால் திறந்துவிட முடியுமென்றால், அதுவரை வாசகர் செலவிட்ட சிந்தனை முழுவதும் வீணாகிவிடுமல்லவா?

ஆனால் மாயத்தின் எல்லை எது என்பது கொலைக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. ரயில் கால அட்டவணையைப் போல, வாசகர் கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றாக மாயமும் ஆகிவிடுகிறது. ஃபேரிகளால் இரும்பைக் கடக்க முடியாது என்று இரண்டாம் அத்தியாயத்தில் சொல்லிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் அத்தியாயத்தில், இரும்புக் கதவு சாத்திய தோட்டத்துக்குள் ஒரு ஃபேரியைப் பார்த்ததாகச் சாட்சி ஒருவர் கூறினால், ஒன்று யாரோ கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும், அல்லது சாட்சி பொய் சொல்லியிருக்க வேண்டும். இங்கே மாயம் துப்பறிதலைக் கெடுக்காமல் அதற்கு உணவாகிறது. கொலையாளியின் பெயரை ஃபேரியே கதாநாயகியின் காதில் சொல்லிவிடும் நாவலை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

கேள்வி: இரும்பு என்ற விதி நாவலாசிரியர்கள் வசதிக்காக உண்டாக்கியதா, பழைய நம்பிக்கையா?

பழைய நம்பிக்கைதான். ஸ்காட்லாந்தின் அபர்ஃபாயில் ஊரில் போதகராக இருந்த ராபர்ட் கர்க், 1691 வாக்கில் தம் மக்களிடையே வழங்கிய ஃபேரி நம்பிக்கைகளைத் தொகுத்து எழுதினார். 1692இல் ஊருக்கு அருகிலுள்ள ஒரு குன்றில் அவர் இறந்து கிடந்தார். அவரை ஃபேரிகள் கொண்டுபோய்விட்டன என்று ஊரார் நம்பினார்கள். அவர் எழுதிய கையெழுத்துப் படி 1815இல்தான் அச்சேறியது. பொதுவாக இந்த மரபில் இரும்பும் ரோவன் மரமும் காப்பு. ஃபேரிகள் தரும் உணவை உண்டவர் திரும்பி வர இயலாது. கொடுத்த வாக்கை மீறினால் தண்டனை உண்டு. இத்தனை நிபந்தனைகள் கொண்ட உலகம் துப்பறியும் கதைக்குப் பொருந்தாமல் போனால்தான் வியப்பு. முதுகில் சிறகு முளைத்த சின்னஞ்சிறு பெண் உருவமோ, பிற்கால ஓவியங்களும் நாடக மேடையும் கொடுத்தது.

கேள்வி: ஃபேரியும் துப்பறிதலும் உண்மையிலேயே சந்தித்த நிகழ்ச்சி ஏதேனும் உண்டா?

உண்டு, ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவரே அதில் ஏமாந்தார். யார்க்ஷயரில் பிராட்ஃபோர்ட் நகருக்கு அருகே காட்டிங்லி என்ற ஊரில், 1917ஆம் ஆண்டு, 16 வயது எல்சி ரைட்டும் அவளுடைய உறவுக்காரச் சிறுமியான 9 வயது ஃபிரான்சஸ் கிரிஃபித்ஸும், எல்சியின் தந்தையுடைய கேமராவைக் கொண்டு, ஓடைக் கரையில் ஃபேரிகளைப் படமெடுத்ததாகக் கூறினார்கள். 1920 டிசம்பரில் ஆர்தர் கோனன் டாயில் ‘ஸ்டிராண்ட்’ இதழில் அப்படங்களை வெளியிட்டு, அவை உண்மையானவை என்று வாதிட்டார். அவ்விருவரும் முதுமையடைந்த பிறகு, 1983இல்தான், அட்டையில் வரைந்து வெட்டிய உருவங்களைத் தொப்பி ஊசிகளால் நிறுத்திவைத்ததை ஒப்புக்கொண்டார்கள். மொத்தம் ஐந்து படங்களில் கடைசிப் படம் மட்டும் மெய்யானது என்று ஃபிரான்சஸ் இறுதிவரை சொல்லிவந்தார்.

இதில் நாவலாசிரியர் பாடம் கற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எல்சி ஃபேரி உருவங்களைப் பார்த்து வரைந்தது 1914இல் வெளியான ஒரு சிறுவர் அன்பளிப்பு நூலிலிருந்து. அதே நூலில் டாயிலின் கதையும் இடம்பெற்றிருந்தது. தம் படைப்பு அச்சான நூலிலேயே விடை இருந்தும் அவர் அதைக் காணவில்லை. துப்பை ஒளித்துவைக்க இதைவிட நேர்மையான இடம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நான் மருந்தாளுநர். கோஸி கதைகளில் நஞ்சு அடிக்கடி வருகிறதே, ஃபேரி உலகோடு தொடர்புள்ள நஞ்சு ஏதும் உண்டா?

ஃபாக்ஸ்குளோவ் செடியை நீங்களே அறிவீர்கள். மணி போன்ற அதன் பூக்களை, ஃபேரிகள் தைக்கும்போது விரலில் மாட்டும் பூண் என்று பிரிட்டனின் நாட்டுப்புற வழக்கில் சொல்வார்கள். 1785இல் வில்லியம் விதரிங் அதன் மருத்துவப் பயனை விளக்கி நூல் எழுதினார். இதயத் துடிப்பைச் சீராக்கும் அதே பொருள் அளவு மிஞ்சினால் கொல்லும். பூக்காத பருவத்தில் அதன் இலையை மூலிகை இலையென்று தவறாகப் பறித்துவிடுபவர்களும் உண்டு. ஆகவே இறப்பு தற்செயலா, கொலையா, ஃபேரிகளின் சினமா என்ற மூன்று ஐயங்களை ஒரே செடியால் எழுப்பலாம்.

கேள்வி: குழந்தையை எடுத்துக்கொண்டு வேறொன்றை விட்டுச் செல்லும் ‘மாற்றுப்பிள்ளை’ நம்பிக்கையைக் கதையில் பயன்படுத்தலாமா?

மிகுந்த கவனத்தோடு மட்டுமே. 1895இல் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் பிரிட்ஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் நோயுற்றபோது, அவள் தன் மனைவி அல்லள், ஃபேரிகள் விட்டுச் சென்ற உருவம் என்று சொல்லிக் கணவனே அவளைத் தீயிட்டான். அவனுக்கு 20 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. உறவினர் பலர் அவளுக்கு நேர்ந்த கொடுமைகளுக்கு உடந்தையாக இருந்தார்கள். இதமான கதை என்ற பெயரில் இத்துயரத்தை வெறும் சுவையாக்கிவிடுவதை நான் ஒப்ப மாட்டேன். நம்பிக்கையைக் கவசமாகப் பயன்படுத்தும் குற்றவாளியை அம்பலப்படுத்துவதற்கு என்றால் எழுதுங்கள்.

கேள்வி: கொலைக்கு என்ன காரணம் வைக்கலாம்?

நிலம். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் லாட்டூன் என்ற இடத்தில், ஃபேரிகள் கூடும் முள்மரம் ஒன்று புதிய நெடுஞ்சாலைக்காக வெட்டப்படவிருந்தது. 1999இல் கதைசொல்லி எடி லெனிஹன் அதை எதிர்த்துக் குரல் கொடுத்த பின், மரத்தை விட்டுவைத்துச் சாலை அமைத்தார்கள். ஒப்பந்தக்காரர், விவசாயி, கதைசொல்லி, அதிகாரி என்று சந்தேகத்துக்குரிய நால்வர் அங்கேயே கிடைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: மொழிபெயர்க்கிறேன். ஃபேரியைத் ‘தேவதை’ என்று எழுதுவது சரியா?

எனக்கு அதில் நிறைவில்லை. தேவதை என்றதும் நம் மனத்தில் வரம் தரும் ஒளியுருவம் வந்துவிடுகிறது. அயர்லாந்து ஃபேரியோ அஞ்சி ஒதுங்க வேண்டிய அண்டை வீட்டுக்காரர். அங்குள்ள மக்கள் ஃபேரி என்ற சொல்லையே தவிர்த்து, ‘நல்லவர்கள்’ என்ற பொருளில் குறிப்பிடுவார்கள். இரவில் பாம்பைப் ‘பூச்சி’ என்று சொல்லும் நமக்கு இது புதிதன்று. அமங்கலமானதை நல்ல சொல்லால் குறிப்பதை நன்னூல் மங்கலம் என்று வகுத்த வழக்கோடு ஒப்பிடத்தக்கது. எனவே ஊரார் பேச்சில் ‘நல்லவர்கள்’ என்றும், வெளியூரார் பேச்சில் ‘ஃபேரி’ என்றும் எழுதுங்கள். அவ்வேறுபாட்டை நூல் முழுவதும் பிசகாமல் காப்பாற்றுவது முக்கியம். ஏனென்றால், தலைமுறை தலைமுறையாக அவ்வூரில் வாழ்ந்தவன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவன், முள்மரத்தடியில் நின்றுகொண்டு, அவர்களைத் தயக்கமின்றி ஃபேரி என்று சொல்லிவிட்டால், அவன் பொய் சொல்கிறான் என்பதற்கு அந்த ஒரு சொல்லே துப்பாக இருக்கலாம்.