சூரியப்புள்ளி எண்ணுதல் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். 60 மிமீ முன்வில்லை, 700 மிமீ குவியத் தூரம் கொண்ட ஒரு தொலைநோக்கி பள்ளியில் இருக்கிறது. சூரியனை வெள்ளை அட்டையில் விழவைத்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு இரண்டு மாதமாக அதன்மேல் தெரியும் கரும்புள்ளிகளை எண்ணிவருகிறேன். சாப்பாட்டு இடைவேளையில்தான் நேரம் கிடைக்கிறது.

எங்கள் எண் பிரஸ்ஸல்ஸிலுள்ள மையம் உலகுக்கெல்லாம் பொதுவாக வெளியிடும் சூரியப்புள்ளி எண்ணோடு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. போன வாரம் ஒருநாள் 4 குழு, 17 புள்ளி, ஆக 57 என்று எழுதினோம், அங்கே 92. “தப்பா எண்ணிட்டோமா சார்” என்கிறார்கள் பிள்ளைகள். இப்போதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அட்டையில் மறுபடி தேடுகிறோம். கூடுதலாக இரண்டு மூன்று கிடைக்கத்தான் செய்கிறது. புள்ளிகள் எந்தத் திசையில் போகின்றன என்பதும் நாளுக்கு நாள் குழப்புகிறது. 10 மிமீ ஐபீஸ் (கண்ணருகே வரும் வில்லை) வேறு உள்ளே உருகினாற்போல் மங்கிவிட்டது. புள்ளி கூடினால் வெயில் கூடுமா என்றும் கேட்கிறார்கள். விளக்க வேண்டும்.

ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி தேடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் கடிதத்தில் தப்பு என்று சொல்ல இருப்பது அது ஒன்றுதான். 57 தப்பில்லை.

வானியலாளர் ரூடால்ஃப் வுல்ஃப் 1848-ல் வகுத்த கணக்கு இது: குழுக்களைப் பத்தால் பெருக்கு, புள்ளிகளைக் கூட்டு, வருவதை ஒரு கெழுவால் பெருக்கு. அந்தக் கெழு ஆளுக்கும் கருவிக்கும் இடத்துக்கும் உரியது. பிரஸ்ஸல்ஸ் எண் என்பது பல நிலையங்கள் அனுப்பும் எண்ணிக்கையை அவரவர் கெழுவால் சரிப்படுத்திச் சராசரி எடுத்தது. 92-ஐ 57-ஆல் வகுத்தால் 1.6. உங்கள் கெழு அந்த அளவில் இருக்கலாம். ஆனால் ஒருநாள் கணக்கை நம்ப வேண்டாம். குறைந்தது 30 நாள் எண்ணிய பிறகு இரண்டு வரிசைகளையும் தனித்தனியே கூட்டி, அவர்கள் கூட்டுத்தொகையை உங்களுடையதால் வகுத்துக்கொள்ளுங்கள். அதுவரை பிரஸ்ஸல்ஸ் எண் வரும் பக்கத்தைத் திறக்கவே கூடாது. பார்த்துவிட்டுத் தேடினால் கெழு நாளுக்கொன்றாக ஆடும். பிறகு அந்த நோட்டிலிருந்து எதையும் கணக்கிட முடியாது. பழைய புத்தகங்களோடு ஒப்பிடும்போது இன்னொரு சிக்கல் உண்டு. 2015 ஜூலையில் அளவுகோலையே மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய அச்சில் 60 என்று இருந்தால் இன்றைய கணக்கில் ஏறக்குறைய 100.

பிசகு பெரும்பாலும் குழு பிரிப்பதில்தான் வரும். ஒரு புள்ளி தவறினால் 1 போகும், ஒரு குழு தவறினால் 10 போகும். சூரிய வட்டத்தை 15 செமீ விட்டத்தில் விழவையுங்கள். உங்கள் குழாயில் 20 மிமீ ஐபீஸ் போட்டால் அட்டை அதிலிருந்து 48 செமீ தள்ளி இருக்க வேண்டும். ஜனவரியில் சூரியன் கொஞ்சம் பெரிதாகவும் ஜூலையில் சிறிதாகவும் தெரியும் என்பதால், தாளில் வட்டம் வரைந்துகொண்டு அட்டையை நகர்த்திப் பொருத்துங்கள். இந்த அளவில் வட்டத்தின் நடுவே சூரியப் பரப்பில் 10 பாகை என்பது 13 மிமீ. அதற்குள் அடங்கி, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் கூட்டம் பெரும்பாலும் ஒரே குழு. மேற்கே முன்னால் போகும் புள்ளி சூரியனின் நடுக்கோட்டுக்குச் சற்றே நெருங்கியிருக்கும். வடக்கு தெற்காகப் பிரிந்து கிடந்தால் இரண்டு குழுவா என்று சந்தேகப்படலாம். முழுநேரமும் இதையே பார்ப்பவர்களுக்கும் இது எளிதில்லை. 2024 மே மாதம் பெரும் காந்தப் புயலைக் கிளப்பிய 13664 என்று எண்ணிட்ட புள்ளிக் கூட்டம், பக்கத்திலிருந்த 13668-ஓடு ஒட்டி வளர்ந்தது. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று அட்டையில் பார்த்துச் சொல்ல முடியாது.

கருநிழலை, அதாவது புள்ளியின் கறுத்த நடுப்பகுதியை மட்டும் எண்ணுங்கள். அதைச் சூழ்ந்த சாம்பல் நிற வளையம் புறநிழல். ஒரே புறநிழலுக்குள் இரண்டு கருநிழல் இருந்தால் இரண்டு. கறுத்த மணல் போன்ற சின்னத் துளிகளும் கணக்கில் உண்டு. தூசியா புள்ளியா என்று தெரியாவிட்டால் குழாயை லேசாகத் தட்டுங்கள்: தாளில் உள்ள அழுக்கு நகராது. ஐபீஸைத் திருகினால் அதிலுள்ள தூசி கூடவே சுற்றும். சூரியப்புள்ளி, தட்டினால் சூரிய வட்டத்தோடு சேர்ந்து ஆடும், ஐபீஸைத் திருகினால் சுற்றாது. மங்கலானவற்றைப் பிடிக்க அட்டையையே விரலால் மெதுவாக ஆட்டுங்கள். தாளின் சொரசொரப்பு கண்ணுக்கு மறைந்து புள்ளி எழுந்து நிற்கும்.

சாப்பாட்டு நேரத்தைக் கைவிடுங்கள். மொட்டை மாடித் தளம் சூடேறிவிட்டால் வட்டத்தின் விளிம்பு கொதிக்கும், சின்னப் புள்ளிகள் கரைந்துவிடும். உங்களுக்குக் கிழக்கே சமவெளி, மலை மேற்கே. காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். நீர் நிற்கும் வயல்வெளி பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கமாக மைதானத்தில் வைத்துப் பாருங்கள், காற்று அங்கே அமைதியாக இருக்கும். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் மேல்காற்றுக்கு முக்காலி தாங்காது. கால்களை நீட்டாமல் குட்டையாக வைத்து, நடுவில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டு, கட்டடத்தின் கிழக்குச் சுவரோரம் ஒதுங்குங்கள். ஏப்ரல் 12, ஆகஸ்ட் 31 வாக்கில் நம் ஊரில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் குழாயைத் திருப்பவே முடியாது, முக்காலியில் முட்டும்.

திசைக் குழப்பத்துக்கும் உச்சியேறும் சூரியனே காரணம். உங்கள் தாங்கி மேல்கீழாகவும் இடவலமாகவும் மட்டும் திரும்புவதால், பிம்பம் நேரம் செல்லச் செல்லச் சுழன்றுகொண்டே போகும். தினமும் முதல் வேலையாக ஒரு புள்ளியைத் தேர்ந்து, குழாயைத் தொடாமல் விட்டு, அது நகரும் பாதையைப் பென்சிலால் கோடிழுங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது மேற்கு. அடுத்து குழாயை வடக்கே ஒரு நூல் நகர்த்துங்கள். வட்டத்தின் எந்த விளிம்பு முதலில் வெளியேறுகிறதோ அது தெற்கு. இப்படிக் குறித்த தாள்களை அடுக்கினால் புள்ளிகள் கிழக்கு விளிம்பிலிருந்து மேற்குக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 பாகை போவது தெரியும்: நடுவில் 17 மிமீ, விளிம்பருகே 5 மிமீதான். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்தப் பாதை 26 பாகை சாய்ந்திருக்கும், ஏனென்றால் சூரியனின் அச்சு நம் வடக்குக்கு நேராக இல்லை.

ஐபீஸ் உருகியதற்குக் காரணம் உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் வளையம். பிம்பம் நடுவிலிருந்து நழுவி அதன்மேல் விழுந்தால் பொசுங்கிவிடும். ஒட்டுவில்லை உள்ள விலையுயர்ந்த ஐபீஸ் இன்னும் மோசம், ஒட்டுப்பசை வெந்துவிடும். உலோக உடல் கொண்ட ஹைகென்ஸ் வகை 20 மிமீ போதும். வளைத்துப் பார்க்கும் முட்டியைக் கழற்றிவிடுங்கள், குழாயின் மேலிருக்கும் குட்டித் தொலைநோக்கியான பைண்டரையும் கழற்றிப் பையில் போடுங்கள். ஐபீஸில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி பெட்டியோடு வந்திருந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூட்டில் அது வெடிக்கும், வெடிக்கும்போது கண் அங்கே இருக்கும். நீங்கள் நகர்ந்தால் முன்வில்லையை மூடிவிட்டு நகருங்கள்.

வெயில் கூடுமா? கூடாது. 11 ஆண்டுச் சுழற்சியில் சூரியன் தரும் மொத்த ஆற்றல் மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. மாறுவது புற ஊதாவும் எக்ஸ் கதிரும். அதைக் காட்டும் கருவி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போவதால், 105 கிமீ உயரத்தில் பகல் முழுதும் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. சூரியன் பொங்கினால் அதுவும் பொங்கும். அதை அளக்கத்தான் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம். கைபேசியின் காந்த மானியில் பிள்ளைகள் முயல வேண்டாம், அந்த மாற்றம் அதன் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். உங்கள் மேற்கே தெரிகிற அகத்தியமலை உச்சியிலேயே 1850-களில் காந்த ஊசி வைத்து அளந்தவர் ஜான் ஆலன் புரூன், திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர். பூமியின் காந்தம் ஏறக்குறைய 26 நாளுக்கொருமுறை ஏறி இறங்குவதைச் சூரியனின் சுழற்சியோடு முதலில் சேர்த்துப் பார்த்தவர்களில் ஒருவர். அந்தச் சுழற்சியை நீங்களும் பார்க்க, உங்கள் நோட்டில் ஒரு பெரிய குழு விளிம்பில் மறைந்த தேதியையும், இரண்டு வாரம் கழித்து அதே அகலாங்கில் எதிர்விளிம்பில் ஒன்று எழும் தேதியையும் குறித்துவையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பல நாள் சூரியனே தெரியாது. அன்றைக்கு 0 போட்டுவிடாதீர்கள், ‘மேகம்’ என்று எழுதுங்கள். சூரியனைப் பார்த்து, புள்ளி இல்லை என்று உறுதியான நாளுக்கு மட்டுமே 0.