தோட்டம் கேள்வி பதில்: மருந்து அடிக்கறதுக்கு முன்னாடி இலையைத் திருப்பிப் பாருங்க

மாசி பொறந்தாலே நம்ம பகுதிக்கு கேள்விகள் குவிய ஆரம்பிச்சிடும். பனி விட்டாச்சு, வெயில் இன்னும் முழுசா ஏறல, எல்லாரும் செடி வளர்க்கற பையும் மண்ணுமா மொட்டை மாடில நிக்கிறீங்க, படிக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா நிறைய கேள்வி "என்ன மருந்து அடிக்கலாம்"னுதான் முடியுது. செடி என்ன சொல்லுதுன்னு பார்க்காம மருந்து மட்டும் சொல்ல எனக்கு மனசு வரல, அதனால பதில் சிலது நீளமா போயிருக்கு, பொறுமையா படிங்க.

அக்கா, ஆன்லைன்ல இருபது வகை விதை உள்ள பாக்கெட் வாங்கிட்டேன். முட்டைகோஸ், காலிஃபிளவர், கேரட், பாலக் எல்லாம் இருக்கு. இப்போ எல்லாத்தையும் போட்டுடலாமா? (வாசகி, மதுரை)

வேணாம்மா. முட்டைகோஸ், காலிஃபிளவர், கேரட், பாலக் நாலும் குளிர் கேக்கற பயிர், ஊட்டி கொடைக்கானல்ல இருந்து நமக்கு வர்றது சும்மா இல்ல. மதுரை மாதிரி ஊர்ல ஐப்பசி கார்த்திகைல போட்டா ஏதோ கிடைக்கும், இப்போ போட்டா பங்குனி வெயில்ல பாலக் பூ தண்டு விட்டுடும், கேரட் நார் நாரா நிக்கும். அந்த பாக்கெட்டுகளை காத்துப் புகாத டப்பால போட்டு வெயில் படாத இடத்துல வைங்க.

இப்போ போட வேண்டியது வெண்டை, கொத்தவரை, கத்தரி, கீரை, கொடில சுரை, பீர்க்கு, புடலை, பாகல், வெள்ளரி. வெண்டை விதைய ராத்திரி தண்ணில ஊறவெச்சு காலைல நேரா பைலயே ஊனிடுங்க, நாத்து விட்டு பிடுங்கி நடற வேலை வேணாம், ஒண்ணரை மாசத்துல காய் பறிக்கலாம். கொத்தவரைக்கு வெயில்னா கொண்டாட்டம், உங்க ஊருக்கு அதைவிட நம்பகமான செடி இல்ல. கீரை விதைய மணலோட கலந்து தூவி மேல லேசா மண்ணு போட்டாப் போதும், ஆழமா புதைச்சா முளைக்காது. மொத்தமா தூவாம வாரம் ஒரு தொட்டியா தூவுங்க, அப்பதான் வீட்ல தொடர்ந்து கீரை இருக்கும். அரைக்கீரையா இருந்தா வேரோட பிடுங்காம கிள்ளி எடுங்க, திரும்பத் திரும்ப துளிர்க்கும்.

இன்னொண்ணு, பைய தரைல நேரா வைக்காதீங்க. கீழ செங்கல்லோ ஸ்டாண்டோ குடுத்து தூக்கி வைங்க, தண்ணி வடிஞ்சு தளம் காயணும், மதிய நேரத்துல மொட்டை மாடி தரைல இருந்து ஏறுற சூடும் வேருக்கு நேரா போகாது. ஈரமான மண்ணு ரொம்ப கனம், அதனால பெரிய பைகளை நடு மாடில கூட்டமா வைக்காம பீம், சுவரு இருக்கற ஓரமா வரிசையா வைங்க.

மேடம், மிளகாய் செடி எல்லாமே இலை சுருண்டு போச்சு. வேப்பெண்ணெய் அடிச்சேன், மோர் அடிச்சேன், இஞ்சி பூண்டு கரைசல் அடிச்சேன், ஒண்ணும் கேக்கல. (வாசகர், திருச்சி)

சார், சுருண்டிருக்குன்னு எழுதினீங்க, மேல சுருண்டிருக்கா கீழ சுருண்டிருக்கான்னு எழுதலையே, விஷயமே அதுலதான் இருக்கு. இலை ஓரம் ரெண்டும் மேல்நோக்கி மடங்கி படகு மாதிரி இருந்தா அது இலைப்பேன், த்ரிப்ஸ்னு கடைல சொல்வாங்களே அது. அந்தப் படகை கவுத்துப் போட்ட மாதிரி ஓரம் கீழ மடங்கி, இலைக்காம்பு மட்டும் நீளமா போயிருந்தா சிலந்திப்பேன். ரெண்டும் வேற வேற பூச்சி.

ஒரு வெள்ளைப் பேப்பர எடுத்து நுனிக் கொழுந்துக்கு அடில பிடிச்சு விரலால நாலு தட்டு தட்டுங்க. வைக்கோல் கலர்ல மெல்லிசா, ஊசி முனை அளவுல ஏதாவது பேப்பர்ல ஓடுச்சுன்னா இலைப்பேன். அதுக்கு நீல கலர் ஒட்டும் அட்டை செடி உசரத்துக்கு கட்டுங்க, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்கு கொஞ்சம் காதி சோப்பு கரைசல், சாயங்காலமா, இலைக்கு அடிப்பக்கம் நனையற மாதிரி அடிங்க. நிறைய பேர் இலை மேல அடிச்சிட்டு கேக்கலன்னு சொல்றாங்க, பூச்சி குடியிருக்கறது அடில. வாரம் ஒரு தடவைனு தொடர்ந்து மூணு நாலு வாரம் அடிக்கணும், ஒரு தடவை அடிச்சா முட்டைல இருந்து வர்றது மறுபடி ஏறிடும். நீங்க மூணு கரைசலையும் மாத்தி மாத்தி அடிச்சதுல எதுவுமே தொடர்ச்சியா போகல, கேக்காததுக்கு அதுவும் ஒரு காரணம்.

சிலந்திப்பேன் கண்ணுக்கு தெரியாது, லென்ஸ் வேணும். காலைல இலைக்கு அடில தண்ணிய பீச்சி அடிச்சு கழுவி விடுங்க, ரொம்ப சுருண்ட நுனிய கிள்ளி கவர்ல போட்டு கட்டி வெளிய போட்டுடுங்க. இதுக்கு நனையும் கந்தகம்னு ஒண்ணு கடைல குடுப்பாங்க, வேலை செய்யும்தான், ஆனா வெயில் கொளுத்தும்போது அடிச்சா இலை கருகிடும், அதுவும் நீங்க ஏற்கனவே வேப்பெண்ணெய் அடிச்ச செடில கந்தகம் ஏறினா கண்டிப்பா கருகும், இப்போதைக்கு வேணாம். இது ரெண்டும் இல்லாம இலை எல்லாம் குட்டி குட்டியா கொத்தா வந்து செடியே வளராம நின்னுடுச்சுன்னா அது வைரஸ், வெள்ளை ஈ கொண்டு வந்து விடறது. அந்தச் செடிய மட்டும் மனச கல்லாக்கிட்டு பிடுங்கிடுங்க, அதுக்கு மருந்து கிடையாது, பக்கத்து செடியாவது பிழைக்கட்டும்.

தக்காளி காயோட அடில கருப்பா அழுகுது. முட்டை ஓடு போட்டும் நிக்கல. (வாசகி, சேலம்)

அது பூச்சியும் இல்ல நோயும் இல்ல, காய்க்கு கால்சியம் போய்ச் சேரல. முட்டை ஓடு மண்ணுல கரைய மாசக்கணக்கா ஆகும். பெரும்பாலும் மண்ணுல கால்சியம் இருக்கும், ஆனா தண்ணி வழியாதான் அது காய்க்கு ஏறணும், ஒரு நாள் காய விட்டு அடுத்த நாள் கொட்டினா ஏறாது. தினமும் அளவா, ஒரே நேரத்துல ஊத்துங்க, மண்ணு மேல காஞ்ச இலை போட்டு மூடுங்க. கெட்டுப்போன காயப் பறிச்சுடுங்க, அடுத்த காய்ங்க நல்லா வரும்.

சுரை, புடலை ரெண்டுலயும் பிஞ்சு விடுது, சுண்டுவிரல் அளவு வந்ததும் மஞ்சளாகி விழுந்துடுது. பூ உதிராம இருக்க டானிக் சொல்லுங்க. (வாசகி, கோயம்புத்தூர்)

டானிக் எதுவும் வாங்காதீங்க. நீங்க பார்க்கறது காயே இல்லம்மா, பெண் பூவுக்கு பின்னாடியே பொறக்கும்போதே ஒட்டிட்டு வர்ற சூல். மகரந்தம் விழுந்தாதான் அது காயாகும், விழலன்னா மஞ்சளாகி உதிரும். மாடில தேனீயும் அந்துப்பூச்சியும் கம்மியா வரும், அதான் பிரச்சனை, நம்ம கைதான் அந்த வேலைய செய்யணும்.

எப்போ செய்யணும்ங்கறதுதான் முக்கியம். பூசணி, பாகல், வெள்ளரி எல்லாம் காலைல விரியும், பூசணிப் பூ பத்து மணிக்குள்ள வாடிடும். ஆனா சுரை, புடலை, பீர்க்கு மூணும் சாயங்காலம் விரியற பூ. காலைல காபி குடிச்சிட்டு மாடிக்குப் போய் சுரைப் பூவ தொட்டா நேத்து ராத்திரியோட அதோட நேரம் முடிஞ்சிருக்கும். விளக்கு வைக்கற நேரத்துக்கு மேல ஏறுங்க, வேணும்னா கைல டார்ச் வெச்சுக்கோங்க. வெறும் மெல்லிசு காம்போட நிக்கறது ஆண் பூ, அடில குட்டிச் சுரைக்காய் ஒட்டிட்டு இருக்கறது பெண் பூ. ஆண் பூவ பறிச்சு அந்த வெள்ளை இதழ்கள உரிச்சு எடுத்துட்டா நடுல மஞ்சப் பொடியோட ஒரு தண்டு நிக்கும், அத பெண் பூவோட நடுல இருக்கற பிசுபிசுப்பான முடிச்சு மேல மெதுவா சுத்தித் தடவுங்க, பொடி ஒட்டினது கண்ணுக்கே தெரியும். ரெண்டு மூணு நாள்ல காம்பு கீழ வளைஞ்சு காய் பெருக்க ஆரம்பிச்சா புடிச்சிருச்சுன்னு அர்த்தம்.

கொடி ஆரம்பத்துல ஆண் பூவாவே வரும், வெயிலும் பகல் நீளமும் கூடினா இன்னும் கூடும், பயப்படாதீங்க. சுரைக்கு நடு நுனிய கிள்ளி விட்டா பக்கக் கிளை வரும், பெண் பூ அதுலதான் அதிகம்.

ஆர்ஓ மெஷின்ல வெளிய வர்ற தண்ணிய செடிக்கு ஊத்தலாமா, வீணாப் போகுதேன்னு வருத்தமா இருக்கு. ஏசி தண்ணி? (வாசகர், சென்னை)

உங்க அக்கறை நியாயமானது, ஆனா ஆர்ஓ கழிவுத் தண்ணில உங்க போர் தண்ணில இருந்த உப்பு இன்னும் அடர்த்தியா இருக்கும். தரைல நிக்கற பெரிய மரத்துக்கு எப்பவாவது ஊத்தினா தாங்கும், தொட்டில தினமும் ஊத்தினா உப்பு அங்கயே தங்கி இலை ஓரம் கருக ஆரம்பிக்கும். அத வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ வைங்க. ஏசி தண்ணி நல்லது, தாராளமா ஊத்துங்க, ஆனா சத்து ஒண்ணும் இருக்காது. அரிசி களைஞ்ச தண்ணிய அன்னைக்கே ஊத்திடணும்.

கோகோபீட், அதாவது தேங்காய் நார்த் தூள் போடறவங்களும் கவனிங்க, சில கட்டில உப்பு அதிகமா இருக்கும், ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணில அலசிட்டு கலக்குங்க.

அக்கா, நாங்க டொரொன்டோல ஸ்கார்பரோ பக்கம் இருக்கோம். கறிவேப்பிலைய எப்போ வெளிய வைக்கலாம்? ஊர்ல இருந்து அம்மா குடுத்த அவரை விதை இருக்கு, போன வருஷம் கொடி கூரை வரை ஏறிச்சு, பூவே இல்ல. (வாசகி, கனடா)

அவசரப்படாதீங்கம்மா. ஏப்ரல்ல ஒரு வாரம் வெயில் அடிச்சா கை பரபரக்கும், ஆனா உங்க ஊர்ல மே மாசத்துலயும் உறைபனி விழும். மே 25க்கு முந்தின திங்கள் வருமே விக்டோரியா டே, அது தாண்டட்டும், ராத்திரி குளிரு 12 டிகிரிக்கு கீழ போகாம நிக்கட்டும், அப்புறம் கறிவேப்பிலைய எடுங்க. எடுத்த உடனே நேர் வெயில்ல வைக்காதீங்க, குளிர்காலம் பூரா ஜன்னலோரம் இருந்த இலை வெந்துடும். முதல்ல நிழல்ல ஒரு மணி ரெண்டு மணி நேரம், அப்புறம் காலை வெயில், ஒரு வாரம் பத்து நாள் பழக்கிட்டு வெளியவே விடுங்க. கொழுந்து வர ஆரம்பிச்சதும் இலை இலையா உருவாம கிளை நுனிய வெட்டி எடுங்க, ரெண்டா கிளைக்கும்.

மிளகாய், கத்தரி விதைய இப்போ மார்ச்லயே வீட்டுக்குள்ள போட்டுடணும், எட்டு பத்து வாரம் கேக்கும். சுரை, புடலைக்கு ஏப்ரல் கடைசி போதும், வேரை தொட்டா கோவிச்சுக்கும், அதனால மண்ணோட அப்படியே நடற மாதிரி சின்ன பேப்பர் கப்ல போடுங்க.

அவரை உங்க தப்பு இல்ல. நம்ம ஊர் கொடி அவரை பகல் குறைஞ்சாதான் பூக்கும், அதனாலதான் இங்க ஆடில விதைச்சு மார்கழி தைல காய் பறிக்கிறோம். உங்க ஊர்ல ஜூன்ல பகல் 15 மணி நேரத்துக்கு மேல, செப்டம்பர்ல அது பூக்கத் தொடங்கும்போது பனி வந்துடும். எல்லாப் பருவத்துலயும் காய்க்கற செடி அவரை ரகம் கிடைச்சா வாங்கிப் போடுங்க. அம்மா குடுத்த விதைய வீணாக்க வேணாம், அடுத்த தடவை ஊர்ல இருந்து யாராவது வந்தா அவங்ககிட்ட குடுத்து ஆடில போடச் சொல்லுங்க, விதை கைவிட்டுப் போகாது.

மல்லிப்பூ செடி தொட்டில வளர்க்கிறேன், இலை நல்லா பச்சையா இருக்கு, மொட்டே இல்ல. (வாசகி, திண்டுக்கல்)

தொட்டி எங்க இருக்கு? நிழல்ல இருந்தா இப்படித்தான் இலையா வரும், ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படற இடத்துக்கு மாத்துங்க. நீளமா கொடி மாதிரி ஓடின கிளைகளோட நுனிய வெட்டுங்க, யூரியா மாதிரி இலைய கொழிக்க வைக்கற உரம் போட்டுட்டு இருந்தா நிறுத்துங்க. புதுத் துளிர்லதான் மொட்டு வரும், பங்குனி கடைசில பார்த்துட்டு எழுதுங்க.