பரணில் கிடைத்த ஓலைச்சுவடி, பச்சை பூத்த குத்துவிளக்கு: பழம்பொருள் பாதுகாப்பு கேள்வி பதில்

கும்பகோணத்திலிருந்து ஒருவர்: அக்கா, எங்கள் தாத்தா வைத்தியர். பரணில் நாலு கட்டு ஓலைச்சுவடி கிடைத்தது. சில ஓலைகள் ஒட்டிக்கிடக்கின்றன, எழுத்தும் தெரியவில்லை. ஈரத்துணியால் துடைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. ஒட்டியதைக் கத்தி விட்டுப் பிரிக்கவும் கூடாது, மேல்தோல் எழுத்தோடு உரிந்துவிடும். நம் சுவடிகளில் எழுத்து எழுத்தாணியால் கீறியது. கீறலில் தடவிய கரி போனதால்தான் உங்கள் கண்ணில் படவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள், தெரியும்.

பிரிந்திருக்கும் ஓலைகளில் தூசியை மெல்லிய தூரிகையால் நீளவாக்கில் தட்டிவிடுங்கள். வரிசை மாறாமல் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். பிறகு மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்து, ஓலை நெளியாத அளவுக்கு மட்டும் கட்டி, கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றுங்கள். கஞ்சி வாசனைக்குப் பூச்சி வரும். பிளாஸ்டிக் உறை போட்டால் மழைக்காலத்தில் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை இடித்து, கற்பூரம் சேர்த்துச் சிறு முடிச்சாக வைக்கும் வழக்கம் உண்டு. நீங்களும் வைக்கலாம். முடிச்சு ஓலையைத் தொடக்கூடாது, மணம் போனால் மாற்ற வேண்டும்.

ஒட்டிய சுவடிக் கட்டை அந்த நூலகத்திலேயே காட்டி யோசனை கேளுங்கள். ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டு அழிந்துபோன சுவடிகள் எத்தனையோ! உங்கள் வீட்டில் நாலு கட்டு தப்பியிருக்கிறது. தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்: கொள்ளுப்பாட்டி காலத்து வெண்கல விளக்கு. பச்சை பூக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் போகுமா?

பதில்: தினம் ஏற்றும் விளக்கென்றால் தேயுங்கள். பாதுகாக்க நினைக்கும் பழம்பொருளுக்குப் புளியும் எலுமிச்சையும் ஆகாது. அமிலம் மேற்பூச்சை மட்டுமல்ல, நுண்ணிய வேலைப்பாட்டையும் அரிக்கும். கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் பச்சைப் படலம் விளக்குக்குக் கவசம் மாதிரி, விட்டுவிடுங்கள். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, துடைத்தாலும் திரும்ப வந்தால் அது நோய். உப்பும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை. கடற்கரை ஊரில் இதற்குப் பயப்பட வேண்டும். அந்த விளக்கைத் தனியே எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் கூடத்தில் 1930களிலிருந்தே இந்த நோய்க்கு வைத்தியம் பார்த்த அனுபவம் உண்டு, அங்கே விசாரியுங்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: தஞ்சாவூர் ஓவியத்தை எந்தச் சுவரில் மாட்டலாம்?

பதில்: குளியலறையை ஒட்டிய சுவரிலும், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலும் வேண்டாம். பலகைமேல் துணி, அதன்மேல் சுண்ணப் பூச்சு, அதற்குமேல் தங்கத்தாள். ஈரத்தில் பலகை உப்பினால் மேலே எல்லாம் வெடிக்கும். சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: அம்மாவின் கூறைப்புடவை மடிப்பில் இற்றுப்போகிறதே அக்கா?

பதில்: ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் அப்படித்தான் ஆகும் மா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் உலர்த்தி மடிப்பை மாற்றுங்கள். இற்ற புடவையை மடிக்காமல், பழைய வேட்டி சுற்றிய குழாயில் சுருட்டி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படவேண்டாம்.