தாத்தா காலத்து கால்பந்து அணியின் சின்னத்தைக் கணினியில் மீட்டெடுப்பது எப்படி?

உங்களிடம் ஒரு மங்கிய போட்டோவோ நைந்த ஜெர்சியோ இருக்கிறது, அதை வைத்துப் புது ஜெர்சி அடிக்கப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மென்பொருள் பெயர்தான் வேண்டும் என்றால் இங்க்ஸ்கேப் போதும், இலவசம். ஆனால் அதைத் திறப்பதற்கு முன் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டுக்கு ஒரு அணி இருந்தது. அப்பா கோல்கீப்பர். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அடியில் 1974ஆம் வருட ஜெர்சி கிடந்தது. மார்பில் அத்தை கையால் போட்ட எம்பிராய்டரி. பாறைமேல் நிற்கும் வரையாடு, காலடியில் பந்து, கீழே வளைவாக அணியின் பெயர். ஐப்பசி மழைக்கு இங்கே செருப்பிலிருந்து சர்ட்டிபிகேட் வரை எல்லாவற்றிலும் பூசணம் பிடிக்கும். ஆட்டின் முதுகிலும் சாம்பலாக ஒரு திட்டு இருந்தது.

600 டிபிஐ நுணுக்கத்தில் ஸ்கேன் செய்து, படத்தைத் தானாகவே கோடுகளாக மாற்றும் வசதியை அழுத்தினேன். துணியின் நெசவையும் சேர்த்துக் கோடாக்கி, திருத்தவே முடியாத அளவுக்குப் புள்ளிகளைக் கொட்டிவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்கேனை அடி லேயரில் பூட்டி, பாதி மங்கலாக்கி, மேலே பேனா டூலால் நானே வரைந்தேன். இரண்டு வாரம், தினமும் ராத்திரி. முதுகில் இருந்த திட்டைப் பூசணம் என்று நினைத்து, அந்த இடத்தையும் பழுப்பால் நிரப்பிவிட்டேன்.

அப்பாவோடு ஆடிய மாமா ஒருவர் இருக்கிறார். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “ஏம்மா, இது பொட்டை ஆடு. நம்மளது கிடா. வயசான கிடாவுக்கு முதுகு வெளுத்திருக்கும். உங்கப்பன் முக்குருத்தி மலையில பார்த்துட்டு வந்து சொன்னான், உங்க அத்தை சாம்பல் நூல் வாங்கிப் போட்டா” என்றார்.

வீட்டுக்கு வந்து ஜெர்சியை உள்பக்கமாகத் திருப்பினேன். முதுகு இருந்த இடத்தில் சாம்பல் நூல், முடிச்சோடு, பளிச்சென்று இருந்தது. வெயில் படாத பக்கம் என்பதால் மற்ற நிறங்களும் அங்கே உயிரோடு இருந்தன. முன்பக்கம் ஆரஞ்சாகத் தெரிந்த எழுத்து உள்ளே நல்ல சிவப்பு. அதனால் துணிச் சின்னம் என்றால் முதலில் பின்பக்கத்தை ஸ்கேன் செய்யுங்கள். நூல் உதிர்ந்துபோன இடத்தில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். பந்தின் கோடுகளை நான் அப்படித்தான் எடுத்தேன்.

கறுப்பு வெள்ளைப் போட்டோவை நம்பி நிறம் முடிவு செய்யாதீர்கள். எங்களிடம் ஊட்டியில் தயாரான ‘இந்து’ பிராண்ட் ஃபிலிமில் எடுத்த குரூப் போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் சிவப்பு எழுத்தும் பச்சைக் கரையும் ஒரே சாம்பலாக இருக்கின்றன.

எழுத்துக்கும் ஃபான்ட் தேட வேண்டாம். எங்கள் அணியின் பெயர் ‘மலை’ என்று முடியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ஜெர்சி, அதனால் ‘லை’ துதிக்கை போட்ட பழைய எழுத்து. இன்றைய சாதாரண ஃபான்ட்களில் அது வராது. அத்தை போட்டபடியே வளைத்து வரைந்தேன்.

ஏஐயில் ஒரு நிமிட வேலையை ஏன் இழுக்கிறாய் என்று யாராவது பின்னூட்டத்தில் கேட்பார்கள். ஏஐக்கு நான் எதிரி இல்லை, கறை நீக்க நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் டவுனில் ஒரு கடையில் கொடுத்தபோது, வரையாட்டின் பின்னோக்கி வளைந்த கொம்பைக் கிளை விட்ட மான் கொம்பாக மாற்றித் தந்தார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. டிசைனர்களும் கோபிக்க வேண்டாம். புதிதாக ஒரு சின்னம் செய்வது வேறு வேலை, அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அப்பா ஆடிய மைதானத்தில் இப்போது மே மாதம் முழுக்கச் சுற்றுலாக் கார்கள். கோல் போஸ்டைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூட லீவே அந்த ஒரு மாதம்தான். பிள்ளைகள் ரோட்டில் ஆடி, ஹாரன் அடிக்க அடிக்க ஒதுங்கி நிற்கிறார்கள். பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சரி, சின்னத்துக்கு வருகிறேன். பந்துக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குப் பூச்சி அரித்துவிட்டது. உள்பக்கத்திலும் நூல் இல்லை, மாமாவுக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, புது ஜெர்சியையும் அப்படியே அடித்துவிட்டோம்.