நாற்காலியில் இருப்பவருக்கு அமைதிப் பரிசு தரலாமா? கேள்வி பதில்

வேலூரில் எங்கள் வாசகர் வட்டம் இந்த மாதம் எடுத்துக்கொண்ட பொருள் நோபல் அமைதிப் பரிசு. தனக்கு அது வர வேண்டும் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் வாய்விட்டே சொல்லிவந்தார். 2025 அக்டோபரில் அது வெனிசுவேலாவின் எதிர்க்கட்சித் தலைவர் மரியா கொரினா மச்சாடோவுக்குப் போனது. அதிலிருந்து நம் டீக்கடைகளிலும் இதே பேச்சுதான். பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சீட்டில் வந்த கேள்விகளில் சில இங்கே.

பாகிஸ்தான் அரசும் இஸ்ரேல் பிரதமரும் டிரம்ப் பெயரைச் சொன்னார்களே சார். அதற்குமா மதிப்பில்லை? (ரயில்வே ஊழியர், காட்பாடி)

முதலில் தேதியைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் பரிந்துரைக்குக் கடைசி நாள் ஜனவரி 31. பாகிஸ்தான் அறிவித்தது 2025 ஜூனில், நெதன்யாகு கடிதத்தை நீட்டியது ஜூலையில். இரண்டுமே அந்த ஆண்டுக் கணக்கில் வராது. அதற்கு முன்பே வேறு சிலர் அவர் பெயரை அனுப்பியிருந்தார்கள் என்பது உண்மைதான்.

ஆனால் பரிந்துரை என்பதே பெரிய விஷயமில்லை. எந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினரும், அமைச்சரும், சட்டமோ சரித்திரமோ நடத்தும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் எழுதிப் போடலாம். நம் வேலூர் எம்.பி. நினைத்தாலும் ஒரு பெயரை அனுப்பலாம். 1939-இல் ஸ்வீடன் எம்.பி. ஒருவர் ஹிட்லர் பெயரையே அனுப்பினார். கிண்டலுக்குச் செய்தது, யாருக்கும் புரியாமல் எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டார். முசோலினி, ஸ்டாலின் பெயர்களும் பட்டியலில் உண்டு, அவை கிண்டல் இல்லை. ஆகவே 'நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்' என்று யாராவது பிளெக்ஸ் வைத்தால் படித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

எங்கள் ஊரிசுக் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன் பெயரும் போனதாமே? (மாணவி, வேலூர்)

ஆமாம் அம்மா. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துத் திருத்தணியில் பிறந்து, இங்கே படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பெயர் இலக்கியத்துக்கும் போயிருக்கிறது, அமைதிக்கும் போயிருக்கிறது. பல முறை போயும் கிடைக்கவில்லை. பரிந்துரை விவரங்களை நோபல் குழு 50 ஆண்டுகள் பூட்டி வைக்கும். அதனால்தான் இதெல்லாம் பின்னாளில் தெரியவந்தது.

யார் முடிவு செய்கிறார்கள்? (ராணிப்பேட்டை)

நார்வே நாடாளுமன்றம் நியமிக்கும் 5 பேர். மற்ற நோபல் பரிசுகள் ஸ்வீடன் கையில். நோபல் 1895-இல் எழுதிய உயிலில் அப்படித்தான் இருக்கிறது. யாருக்குத் தரலாம் என்பதற்கும் அதில் மூன்று வழி காட்டியிருக்கிறார். நாடுகளுக்குள் சகோதர உணர்வு வளர்த்தவர், நிலைப்படைகளை ஒழிக்கவோ குறைக்கவோ உழைத்தவர், அமைதி மாநாடுகள் நடத்தியவர். படையைக் குறைத்தவர் என்ற இரண்டாவதை மட்டும் வைத்துச் சலித்தாலே, பரிசு வாங்கிய தலைவர்களில் பாதிப் பேர் தேறுவார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

ஒபாமாவுக்குக் கொடுத்தது வேலையே செய்யாதவனுக்கு அட்வான்ஸ் கொடுத்த மாதிரி இல்லையா அண்ணா? (ஷூ கம்பெனித் தொழிலாளி, ஆம்பூர்)

நன்றாகக் கேட்டீர்கள் தம்பி. அட்வான்ஸேதான். 2009 ஜனவரி 20-இல் பதவியேற்றார். இரண்டு வாரம் ஆவதற்குள் அந்த ஆண்டுப் பரிந்துரைக் கெடு முடிந்துவிட்டது. அக்டோபரில் பரிசு. அணு ஆயுதம் இல்லாத உலகம் வேண்டும் என்று ஏப்ரலில் பிராகா நகரில் பேசியிருந்தார். பேச்சு நல்ல பேச்சுதான். தனக்கு இந்தத் தகுதி வந்துவிட்டதாகத் தோன்றவில்லை என்று அவரே சொன்னார். டிசம்பர் 1-இல் ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 படைவீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். டிசம்பர் 10-இல் ஆஸ்லோ மேடையில் நின்று, சில சமயம் போர் நியாயமாகிவிடும் என்றார். 2010-இல் ரஷ்யாவோடு அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் போட்டதை அவர் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும். ஆனாலும் கொடுத்த பரிசு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று, நோபல் குழுவுக்கு நீண்ட காலம் செயலராக இருந்த லுண்டெஸ்டாட்டே பிறகு எழுதினார்.

ஒபாமாவாவது பரவாயில்லை. எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமதுக்கு 2019-இல் கொடுத்தார்கள். எரித்திரியாவோடு இருபது ஆண்டுப் பகையை முடித்தார் என்பது காரணம். 2020 நவம்பரில் தன் நாட்டுக்குள்ளேயே திக்ரே பகுதியில் போர் மூண்டது. எந்த எரித்திரியாவோடு சமாதானம் என்று பரிசு வாங்கினாரோ, அதே எரித்திரியப் படை அவர் பக்கம் நின்று திக்ரேயில் சண்டை போட்டது. பரிசு வாங்கியவர் என்ற முறையில் உங்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்று 2022-இல் நோபல் குழுவே அறிக்கை விட வேண்டியதாயிற்று. அவர்கள் அப்படி வாய் திறப்பது அபூர்வம்.

செத்தவருக்குத் தரக்கூடாது என்று விதியா? காந்திக்கு ஏன் தரவில்லை? (ஆரணி)

1948-இல் அவர் பெயர் பரிந்துரையில் இருந்தது. கெடு முடிய இரண்டே நாள் இருக்கும்போது ஜனவரி 30-இல் சுடப்பட்டார். உயிரோடு இருப்பவர்களில் தகுந்தவர் இல்லை என்று சொல்லி அந்த ஆண்டு யாருக்கும் தரவில்லை. விதி அன்றைக்கு அவ்வளவு இறுக்கமில்லை. 1961-இல் விமான விபத்தில் இறந்த ஐ.நா. பொதுச்செயலர் ஹாமர்ஷெல்டுக்கு இறந்த பிறகு கொடுத்தார்களே! மனமிருந்திருந்தால் கொடுத்திருக்கலாம். அதற்கு முன் 1937, 38, 39, 47 என்று நான்கு வாய்ப்பைத் தவறவிட்டதுதான் பெரிய குற்றம்.

போர் நடத்தினவனுக்கே அமைதிப் பரிசா? இது என்ன நியாயம்? (விவசாயி, வந்தவாசி)

1760-இல் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் மோதிய ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான். ஆனால் ஐயா, துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தானே அதைக் கீழே வைக்க முடியும்? எகிப்தின் சதாத்தும் இஸ்ரேலின் பெகினும் 1978-இல் வாங்கினார்கள். இரண்டு பேரும் கை கறைபட்டவர்கள்தான். இரு நாடுகளும் 1979-இல் போட்ட அமைதி உடன்படிக்கை இன்றுவரை நிற்கிறது. அதற்காக சதாத்தை 1981-இல் அவருடைய சொந்த ராணுவத்தினரே அணிவகுப்பில் வைத்துச் சுட்டார்கள். பாலஸ்தீனர்களோடு ஒப்பந்தம் போட்டு 1994-இல் வாங்கிய இஸ்ரேல் பிரதமர் ரபீனை மறு ஆண்டே ஒரு யூதர் சுட்டார். தன் பக்கத்து ஆட்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாரா என்பதுதான் நான் பார்க்கிற முதல் அளவு. எதிரியைப் பணியவைத்துக் கையெழுத்து வாங்குவது வேறு கதை.

நார்வேகாரர்கள் எங்கள் நாட்டுக்கும் வந்தார்களே. 2002-இல் அந்த ஒப்பந்தத்துக்குப் பரிசு கொடுத்திருந்தால் போர் நின்றிருக்குமா ஐயா? (மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாம்)

அம்மா, இந்தச் சீட்டைப் படித்ததும் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 2002 பிப்ரவரியில் பிரதமர் ரணில் விக்ரமசிங்கேவும் பிரபாகரனும் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் தனித்தனியாகக் கையெழுத்திட்டார்கள். நடுவில் நின்றது நார்வே. அன்றைக்கே யாராவது பரிசு கொடுத்திருந்தால், 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்திலிருந்து விலகியபோதும் 2009 மே மாதத்திலும் அந்தப் பதக்கத்தை எங்கே வைத்திருப்பார்கள்?

பரிசு போரை நிறுத்தாது. 1973-இல் வியட்நாம் ஒப்பந்தத்துக்காக அமெரிக்காவின் கிஸ்ஸிஞ்சருக்கும் வட வியட்நாமின் லே டுக் தோவுக்கும் கொடுத்தார்கள். என் நாட்டில் அமைதி இன்னும் வரவில்லை என்று லே டுக் தோ வேண்டாம் என்றுவிட்டார். குழுவில் இரண்டு பேர் விலகினார்கள். 1975-இல் சைகோன் வீழ்ந்தது. அதற்காக எப்போதும் வீண் என்றும் சொல்ல மாட்டேன். 1998-இல் வட அயர்லாந்தின் ஜான் ஹியூமுக்கும் டேவிட் டிரிம்பிளுக்கும் கொடுத்தபோது ஒப்பந்தம் சில மாதக் குழந்தை. அது பிழைத்தது. அங்கே மக்கள் வாக்களித்து ஒப்பந்தத்தை ஏற்றிருந்தார்கள். உங்கள் நாட்டில் ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் உங்களைக் கேட்கவே இல்லை. வித்தியாசம் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார். டிரம்புக்குத் தகுதி இருக்கிறதா, இல்லையா? (குடியாத்தம்)

இன்றைய தேதிக்கு இல்லை. அதற்காக அவர் எதுவுமே செய்யவில்லை என்று சொல்பவர்களோடும் நான் இல்லை. 2020-இல் இஸ்ரேலுக்கும் சில அரபு நாடுகளுக்கும் உறவு ஏற்பட்டது அவர் முயற்சியில். 2025 அக்டோபர் காசா போர்நிறுத்தத்தில் அவருடைய அழுத்தம் இல்லாவிட்டால் நெதன்யாகு கையெழுத்துப் போட்டிருப்பாரா? அது நடைமுறைக்கு வந்த அதே அக்டோபர் 10-இல்தான் ஆஸ்லோவில் மச்சாடோ பெயரை அறிவித்தார்கள். குழு அதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டது.

இன்னொரு பக்கம், அதே ஆண்டு ஜூனில் ஈரானில் குண்டு போட்டவரும் அவர்தான். மே மாத இந்திய - பாகிஸ்தான் சண்டையை நான்தான் நிறுத்தினேன் என்கிறார். ராணுவ அதிகாரிகள் நேரடியாகப் பேசி நிறுத்தினார்கள், மூன்றாமவர் யாரும் இல்லை என்கிறது டெல்லி. இரு தரப்பில் ஒரு தரப்பு மறுக்கும் சமாதானத்துக்குப் பரிசு கேட்பது கஷ்டம்.

என்னைக் கேட்டால், பதவியில் இருக்கும் எந்தத் தலைவருக்கும் ஒப்பந்தம் போட்டு ஐந்து ஆண்டு ஆகும்வரை தரவே கூடாது. அவருக்காக மட்டும் சொல்லவில்லை, ஒபாமாவுக்கும் அபிக்கும் சேர்த்துத்தான். காசாவில் அதுவரை குண்டு விழாமல், ஜனங்கள் வீடு கட்டிக் குடியேறியிருந்தால், டிரம்பைப் பிடிக்காதவர்களும் அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். பிடிக்கும், பிடிக்காது என்பது இதில் ஒரு வாதமே இல்லை.

கொடுத்ததைப் பிடுங்க முடியுமா? (திருப்பத்தூர்)

முடியாது. விதியிலேயே இடமில்லை. 1991-இல் வாங்கிய மியான்மர் தலைவர் ஆங் சான் சூச்சி, ரோஹிங்கியா மக்கள் விரட்டப்பட்டபோது வாய் மூடி இருந்தார். பிடுங்கச் சொல்லி உலகமே கேட்டது. குழு அசையவில்லை.

பதக்கம் எத்தனை சவரன்? (நகைப் பட்டறை, வேலூர்)

இதைக் கேட்க ஒருவராவது வருவார் என்று தெரியும்! 196 கிராம். நம் கணக்கில் 24½ சவரன். ஆனால் இப்போது 18 கேரட்தான், 1980-க்கு முன்பு 23 கேரட்டில் செய்தார்கள். 2025-இல் பரிசுப் பணம் 1.1 கோடி ஸ்வீடன் குரோனர், நம் பணத்தில் சுமார் 10 கோடி. பதக்கத்தை விற்கவும் தடையில்லை. 2021-இல் வாங்கிய ரஷ்யப் பத்திரிகையாளர் முராத்தோவ் அடுத்த ஆண்டே உக்ரைன் அகதிக் குழந்தைகளுக்காக ஏலம் விட்டார். போன விலை 10 கோடியே 35 லட்சம் டாலர். செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்துத்தான்!