மகனுக்கு நாட்டுப்பற்றைக் கற்பிப்பது பற்றி

ஐயா, வணக்கம். பத்து வயது மகனை விடியற்காலையில் எழுப்பி அணிநடையும் கொடி வணக்கமும் செய்ய வைத்தால் முகம் சுளிக்கிறான் என்று தேவகோட்டையிலிருந்து எழுதியிருந்தீர்கள். காரணம் தெரியாத குழந்தைக்கு அது தண்டனையாகவே படும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைச் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்கு அழைத்துச் செல்லுங்கள். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. அதே ஆண்டு ஜூனில் சின்ன மருது திருச்சியிலும் திருவரங்கத்திலும் ஒட்டச் செய்த அறிக்கை எல்லாச் சாதியினரையும் ஆங்கிலேயருக்கு எதிராக ஒன்றுசேர அழைத்தது என்பதை அங்கே நின்றபடி அவனுக்குச் சொல்லுங்கள். திரும்பும் வழியில் காளையார்கோவிலில் அவர்கள் எழுப்பிய பெரிய கோபுரத்தையும் காட்டலாம்.

வீட்டில், கொடியை மடிக்கும் பொறுப்பை அவனிடமே ஒப்படையுங்கள். காவியும் பச்சையும் வெள்ளைப் பட்டைக்கு அடியில் போக வேண்டும், பிறகு அசோகச் சக்கரமும் அவ்விரு நிறங்களின் சிறு பகுதியும் மட்டும் மேலே தெரியும்படி வெள்ளையை மடிக்க வேண்டும், தரையில் படக்கூடாது. இராணுவ ஒழுங்கு என்பது இத்தகைய கவனம்தான்; அதட்டல் அன்று.

மாணவர்களைப் படை அதிகாரிப் பணிக்கு ஆயத்தப்படுத்தும் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அவனாகக் கேட்கும் வரை அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.