ஒரே ஒரு நல்ல பிரிவு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பன்னிரண்டு வருஷமாகப் பருப்பைத் தரம் பிரிக்கிற கிரேடிங் வேலை பார்க்கிறேன். என் அம்மையும் முந்திரி ஆலையில்தான் இருந்தார், தோடு உடைக்கிற வேலை. வேலையை விட்டு நின்ற பிறகு கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கேட்டுப் போனார். நீ இங்கே வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது வந்திருக்கிற சட்டத்தில் எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறதாமே, அது நல்லதுதானே? அந்தக் கடிதத்தைக் கேட்டால் சட்டத்தையே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், கேட்காதே என்கிறார் எங்கள் யூனியன் அண்ணன். ஒரு நல்ல பிரிவு இருக்கிறது என்பதற்காக மோசமான சட்டத்தை ஆதரிக்கலாமா, கூடாதா? ஆபீஸில் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். சேர்ந்த தேதி என்று இந்த வருஷத் தேதியைப் போட்டிருக்கிறார்கள், வேலைக்காலம் ஒரு வருஷம் என்றும் இருக்கிறது. அதையும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒரு வாசகி, கருங்கல்

அன்புள்ள தங்கைக்கு,

கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்தப் படிவத்திலிருந்தே தொடங்குகிறேன். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களோடு மேசையில் இருக்கிற மற்றவர்களையும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நியமனக் கடிதம் உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது சென்னையிலோ டெல்லியிலோ இருந்து சட்டத்தைப் படிப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறை, மார்த்தாண்டம், அருமனை, திருவட்டாறு என்று எந்தப் பக்கம் போனாலும் தோடு உடைத்த கைகளைப் பார்க்கலாம். தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, பிறகு வழவழப்பாகிவிடும். எங்கள் ஊர் ரேஷன் கடையில் ஒரு அம்மா கைரேகை இயந்திரத்தில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் விழவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அந்த வேலையால்தான் ரேகையே போனது, ஆனால் அந்த வேலையைப் பார்த்ததற்கு அவரிடம் ஒரு துண்டுத் தாள் கிடையாது.

தாள் இல்லை என்றால் நம் நாட்டில் தொழிலாளிக்கு நடப்பது இதுதான். ஒரு வருடத் தொடர் வேலை என்று கணக்கு வர 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும்; அத்தனை நாள் செய்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வருகைப் பதிவேடு முதலாளியிடம், கூலிப் பதிவேடும் முதலாளியிடம், நிரூபிக்க வேண்டியது மட்டும் உங்கள் அம்மை. அண்டி வரவில்லை என்று ஆலையை இடையிடையே மூடிப்போடும் தொழிலில் அது இன்னும் கஷ்டம். எனவே நியமனக் கடிதம் நல்ல பிரிவா என்றால், மிக நல்ல பிரிவு. நான் எழுதிய கட்டுரையிலும் அதைக் குறை சொல்லவில்லை.

சரி, அந்தப் பிரிவின் அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பழைய 29 சட்டங்களை நான்காகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். முன்பு 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்புக்கோ மூடுவதற்கோ அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். இப்போது அந்த எண் 300. நம் பக்கத்தில் 150 பேர், 200 பேர் வேலை செய்கிற ஆலைகளெல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்டன. வேலைநிறுத்தம் என்றால் இனி எல்லாத் தொழிலிலும் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முன்பு குடிநீர், மின்சாரம் போன்ற பொதுப்பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த கட்டுப்பாடு இது. பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். ஆய்வாளருக்கு இனி முதலாளிக்கு வழிகாட்டும் வேலையும் உண்டு. எந்த ஆலைக்குப் போவது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லும்.

இப்போது உங்கள் படிவத்துக்கு வருகிறேன். குறித்த கால வேலை என்ற ஒன்றை இந்தச் சட்டம் எல்லாத் தொழிலுக்கும் திறந்துவிட்டிருக்கிறது. ஒரு வருடத்துக்கு என்று எழுதி வேலைக்கு எடுத்தால், வருடம் முடிந்ததும் வேலையும் முடிந்தது. அதை ஆட்குறைப்பு என்று சட்டம் கணக்கில் எடுக்காது. ஆகவே ஆட்குறைப்பு இழப்பீடும் இல்லை. ஒரு வருடம் வேலை செய்தாலே கிராஜுவிட்டி உண்டு என்று இதற்கு ஒரு இனிப்பும் வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவருக்கு அது லாபமாகக்கூட இருக்கலாம். பன்னிரண்டு வருடமாக வேலை செய்யும் நீங்கள் அதில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? இந்த வருடம்தான் சேர்ந்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும். அம்மையிடம் ஆதாரம் இல்லாமல் போயிற்று. உங்களிடம் உங்களுக்கு எதிரான ஆதாரம் இருக்கும்.

நியமனக் கடிதப் பிரிவு குறித்த கால வேலைப் பிரிவோடு சேரும்போது எப்படி உருமாறுகிறது பார்த்தீர்களா. இதனால்தான் ஒரு நல்ல பிரிவைக் காட்டி முழுச் சட்டத்தையும் ஆதரிக்கச் சொன்னால் நான் மறுக்கிறேன்.

நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். நல்ல பிரிவு நிற்பதற்கு மற்ற பிரிவுகள் தேவையா? நியமனக் கடிதம் கொடுப்பதற்கு ஆலையை எளிதில் மூடும் உரிமை எதற்கு? அதைத் தனியாக ஒரு பக்கச் சட்டமாகவே கொண்டுவந்திருக்கலாம். 2021இல் தமிழ்நாடு அரசு, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று பழைய கடைகள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. நாகர்கோவில் துணிக்கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருந்த பெண்களுக்கான சட்டம் அது. அதற்குப் பதிலாக அவர்களிடமிருந்து எந்த உரிமையையும் பிடுங்கவில்லை. கடைக்காரர் நல்ல அரிசியோடு கல்லையும் சேர்த்துக் கட்டி, பிரித்துத் தரமாட்டேன் என்றால், அது அரிசியின் குற்றமில்லை.

குறையுள்ள எந்தச் சட்டத்தையும் ஆதரிக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வேலையிடப் பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தபோது, பொய்ப் புகார் கொடுத்தால் தண்டனை என்று அதில் 14ஆவது பிரிவைச் சேர்த்தார்கள். புகார் சொல்லத் துணியும் பெண்ணைப் பயமுறுத்தும் பிரிவு அது. ஆனாலும் அந்தச் சட்டத்தை நான் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். அங்கே சட்டத்தின் நோக்கம் பெண்ணைக் காப்பது, குறை ஓரத்தில் இருந்தது. இங்கே நோக்கமே முதலாளியின் கையைத் தளர்த்திவிடுவது, நல்லது ஓரத்தில் இருக்கிறது.

அப்புறம் உங்கள் யூனியன் அண்ணன். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டத்தை ஆதரிப்பது வேறு, அமலில் இருக்கும் சட்டத்திலிருந்து உரிமையை எடுத்துக்கொள்வது வேறு. இதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோள்சீலைப் போராட்டம் கொதித்து அடங்கிய 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் ஒரு பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், குப்பாயம் என்ற மேல்சட்டை போடலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. அனுமதி தருகிற அதே வரியில் அவமானத்தையும் எழுதிவைத்த சட்டம். இதை ஏற்றால் சாதியை ஏற்றதாகிவிடும் என்று நம் பாட்டிமார் துணியைத் தூக்கி எறியவில்லை. கிடைத்ததை உடுத்திக்கொண்டார்கள். மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடையை ஒருநாளும் நியாயம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டை 2023இல் நாகர்கோவிலில் இரண்டு முதலமைச்சர்கள் வந்து கொண்டாடினார்கள். அந்தப் பிரகடனத்தை யாரும் கொண்டாடவில்லை.

இன்னொன்றும் எனக்கு மனதில் கிடந்து உறுத்துகிறது. நாடாளுமன்றத்தில் மசோதாவைப் பிரிவு பிரிவாகவும் வாக்கெடுப்புக்கு விடுவார்கள். ஒரு உறுப்பினர் நியமனக் கடிதப் பிரிவுக்கு ஆம் என்றும், 300 பேர் என்ற வரம்பு இருக்கிற இன்னொரு மசோதாவுக்கு இல்லை என்றும் சொல்ல முடியும். 2020 செப்டம்பர் 23 அன்று இந்தத் தொகுப்புகளில் மூன்று மாநிலங்களவையில் நிறைவேறியபோது, எதிர்க்கட்சிகளில் பெரும்பாலானவை அவையைப் புறக்கணித்திருந்தன. அதற்குச் சில நாள் முன்பு வேளாண் மசோதாக்களின்போது எட்டு உறுப்பினர்களை இடைநீக்கம் செய்திருந்தார்கள், அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் உங்கள் அம்மைக்காக அன்றைக்கு அந்த அவையில் எழுந்து நின்று, இது வேண்டும், அது வேண்டாம் என்று பதிவுசெய்ய வேண்டியவர்கள் வெளியே இருந்தார்கள். அவர்கள் பிரித்துச் சொல்லாததை இன்று நீங்கள் கிரேடிங் மேசையில் உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கடிதத்தைக் கேளுங்கள், யூனியன் வழியாகவே கேளுங்கள். அண்ணனிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்குச் சட்டம் அமலான மூன்று மாதத்துக்குள் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஏற்கெனவே இருப்பவர் என்று சட்டமே உங்களைச் சொல்லும்போது, புதிதாகச் சேர்ந்ததாக எழுத ஆபீஸுக்கு உரிமையில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். ஒவ்வொருவரும் சேர்ந்த உண்மையான தேதி, வேலைப் பிரிவு, கிலோவுக்கு என்ன கூலி, பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. எண் எல்லாம் அதில் இருக்கட்டும். பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, நகலைத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். அந்தப் படிவத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மையின் விஷயமும் முடிந்துபோகவில்லை. அவர் வேலையை விட்டது பழைய 1972ஆம் வருடச் சட்டம் இருந்தபோது என்றால் அதன்படியே கேட்கலாம். தாமதமாகக் கேட்டார் என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ள முடியாது. பழைய ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். சீட்டு, போனஸ் கொடுத்த கவர் என்று பெட்டியில் எது கிடந்தாலும் எடுத்து வையுங்கள். கூட வேலை பார்த்த இரண்டு பேரின் சாட்சியும் வேண்டும். ஆவணங்கள் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், கிராஜுவிட்டி மனு எழுத நான் உதவுகிறேன்.

அன்புடன்,
அக்கா